தாழும் இமை, தடைபடும் துடிப்பு: மைட்டோகாண்ட்ரியா நோயில் பேஸ்மேக்கரை எப்போது வைப்பது?

1. ஒரே ஆண்டில் நோயும் கருவியும்

1958-இல் ஒன்றையொன்று அறியாமல் இரண்டு காரியங்கள் நடந்தன. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கண் மருத்துவர் தாமஸ் கேர்ன்ஸும் நோயியல் அறிஞர் ஜார்ஜ் சேயரும் இரண்டு நோயாளிகளைப் பற்றி ஒரு கண் மருத்துவ இதழில் எழுதினார்கள். இமைகள் தாழ்ந்திருந்தன, விழிகள் பக்கவாட்டில் அசைய மறுத்தன, விழித்திரையில் நிறமி சிதறிக் கிடந்தது. இவற்றோடு, இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குப் போகும் மின்தொடர்பு முழுவதுமாக அறுந்திருந்தது. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று, ஸ்டாக்ஹோமை அடுத்த கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்துகொடுத்த சிறு கருவியொன்றை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் வைத்துத் தைத்தார். உடலுக்குள் முழுதாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அது. சில மணி நேரமே ஓடியது. மாற்றுக் கருவி வந்தது. அதற்கு ஒரு மாற்று வந்தது. வாழ்நாளில் 26 கருவிகளைப் பார்த்துவிட்டு, 2001-இல், தம் 86-ஆம் வயதில்தான் லார்சன் இறந்தார்.

நோய்க்குப் பெயர் கிடைக்கக் காரணமான கட்டுரையும் அதற்கான கருவியும் ஒரே ஆண்டில் வந்துவிட்டன. ஆனால் கருவியை எப்போது வைப்பது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. இதயம் ஒருமுறை நின்று காட்டிய பிறகா, நிற்பதற்கு முன்பா? மைட்டோகாண்ட்ரியா கோளாறால் வரும் கேர்ன்ஸ்-சேயர் நோயிலும் அதன் உறவு நோய்களிலும் இந்தக் கேள்விக்கு என்ன சான்று இருக்கிறது, அதை எப்படி எடைபோடுவது என்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இதற்கு வேலூர்–ஆம்பூர் தோல் தொழில் வட்டாரத்தை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949-இல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி.யில். திறந்த இதய அறுவை 1961-லேயே அங்கு நடந்தது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எதிர்த்திசையில் அதே நெடுஞ்சாலையைப் பிடித்தால் பெங்களூரில் நிம்ஹான்ஸ் நரம்பியல் மருத்துவமனை. ஆகவே ‘நம்ம பக்கம் வசதி இல்லீங்க’ என்ற வழக்கமான பதில் இந்த வட்டாரத்தில் செல்லாது. இங்கே தாமதம் நேர்ந்தால் அதன் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

2. ‘பிளாக்’ என்ற சொல் செய்யும் குழப்பம்

தமிழ்நாட்டில் ‘ஹார்ட்டுல பிளாக்’ என்றால் ரத்தக்குழாய் அடைப்பு. ‘ரெண்டு பிளாக், ஸ்டென்ட் வச்சாச்சு’ என்பது டீக்கடையில் கூடப் புரியும் வாக்கியம். மருத்துவ நூல்கள் ‘ஹார்ட் பிளாக்’ என்று சொல்வதோ முற்றிலும் வேறு விஷயம்: குழாய் திறந்தே இருக்கிறது, கம்பி அறுந்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ‘இதய அடைப்பு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி. மயக்கம் போட்டு விழுந்த இளைஞனுக்கு ஆஞ்சியோ எடுத்துப் பார்த்து, ‘பிளாக் எதுவும் இல்லைன்னுட்டாங்க’ என்று நிம்மதியாக வீடு திரும்புகிற குடும்பத்தாரிடம், இருப்பது வேறு பிளாக் என்று எப்படி விளக்குவது? இந்தக் கட்டுரையில் அதை மின்தடை என்றே சொல்கிறேன்.

வலது மேலறையின் உச்சியில் உள்ள சைனஸ் முடிச்சில் துடிப்பு பிறக்கிறது. மேலறைகளைக் கடந்து, நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சில் சற்றுத் தாமதித்து, ஹிஸ் கற்றை வழியாக இறங்கி, வலது இடது கிளைகளாகப் பிரிந்து கீழறைகளைச் சுருக்குகிறது. ஈ.சி.ஜி. தாளில் ஒரு பெரிய கட்டம் 0.2 நொடி. முழு மின்தடை உள்ளவரின் தாளை மேசையில் விரித்துப் பாருங்கள். மேலறையின் சிறு மேடுகள் நான்கு கட்டத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வரும்; நிமிடத்துக்கு 75. கீழறையின் உயரமான முனைகள் எட்டுக் கட்டத்துக்கு ஒன்று. நிமிடத்துக்கு 37, 38. ஒரு மேடு சில சமயம் முனைக்கு முன்னால் நிற்கும், சில சமயம் முனைக்குள்ளேயே மறைந்துவிடும். ஒரே கூரையின்கீழ் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு குடும்பங்கள்.

கீழறை தானாக அடித்துக்கொள்ளும் இந்த மாற்றுத் துடிப்பு நம்பத்தக்கதல்ல. அது பத்து நொடி நின்றால் ஆள் கீழே விழுவார்; மூளைக்கு ரத்தம் இல்லாததால் கை கால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அது வலிப்பு. நம் ஊரில் உடனே ஓர் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். துடிப்பு திரும்பியதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். புகழ் சாவிக்குப் போகும். உண்மையான வலிப்பு வந்தவர் எழுந்த பிறகும் வெகுநேரம் தெளிவில்லாமல் இருப்பார். இதயம் நின்று விழுந்தவரோ வெளிறிப் போய், துடிப்பு வந்ததும் முகம் சிவந்து, சட்டென்று தெளிந்துவிடுவார். கூட இருந்தவர் இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துச் சொன்னாலே பாதி நோயறிதல் முடிந்தது.

மைட்டோகாண்ட்ரியா நோயில் சிக்கல் இரட்டிப்பாகிறது. இந்த நோயாளிகளில் சிலருக்கு உண்மையான வலிப்பும் வரும். வலிப்பு என்று எண்ணி இதயத்தைப் பார்க்காமல் விடுவது ஒரு தவறு. வலிப்புக்கென்று எளிதாக எழுதிக்கொடுக்கப்படும் சோடியம் வால்புரோயேட், பி.ஓ.எல்.ஜி. என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்களின் கல்லீரலைச் செயலிழக்கச் செய்யக்கூடியது என்பது அடுத்த அபாயம்.

3. இமைக்கும் இதயத்துக்கும் என்ன உறவு?

செல்லுக்குள் உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று தனி டி.என்.ஏ. உண்டு: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1981-இல் அதை முழுவதுமாகப் படித்து வெளியிட்டார்கள். ஒரு செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாப் பிரதிகளும் கெட்டிருக்கவேண்டியதில்லை. கெட்டவற்றின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் அந்தத் திசு தள்ளாடத் தொடங்கும். அதனால்தான் ஒரே கோளாறு ஒருவரின் கண்ணிலும் இன்னொருவரின் காதிலும் மூன்றாமவரின் சர்க்கரையிலும் தலைகாட்டுகிறது.

1988-இல் லண்டனில் ஹோல்ட், ஹார்டிங், மார்கன்-ஹியூஸ் மூவரும், தசைநோய் உள்ள சிலரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் பெருந்துண்டு ஒன்றே காணாமல் போயிருப்பதைக் காட்டினார்கள். கேர்ன்ஸ்-சேயர் நோயில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பலரிடம் காணாமல் போகும் துண்டின் நீளம் 4,977 எழுத்துகள். இருபது வயதுக்கு முன் தொடக்கம், விழியசைவு முடக்கம், விழித்திரை நிறமிக் கோளாறு. இவற்றோடு மின்தடையோ, சிறுமூளைத் தள்ளாட்டமோ, தண்டுவட நீரில் அளவுக்கு மீறிய புரதமோ சேர்ந்தால் கேர்ன்ஸ்-சேயர் என்று பெயர்.

இதயத்தில் இது தாக்குமிடம் விசித்திரமானது. இதயத் தசைச் செல்லின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா. ஆற்றல் குறைந்தால் முதலில் படுப்பது பாரம் சுமக்கும் அந்தத் தசைதானே? கேர்ன்ஸ்-சேயரில் பெரும்பாலும் தசை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. மெலிந்த மின்பாதைதான் முதலில் போகிறது. அதிலும் ஏ.வி. முடிச்சைவிட அதற்குக் கீழே, ஹிஸ் கற்றையிலும் கிளைகளிலும் பழுது அதிகம். இதற்கு ஒரு நடைமுறை விளைவு உண்டு. மேடு தொடங்கியதிலிருந்து முனை தொடங்கும்வரை உள்ள இடைவெளியை (பி.ஆர். இடைவெளி) அளந்து, ‘நார்மல்’ என்று எழுதுவது நம் வழக்கம். இந்த நோயில் முடிச்சைக் கடக்கும் நேரம் சில சமயம் குறைந்து, கீழே ஏற்பட்ட தாமதத்தை ஈடுகட்டிவிடும். கூட்டுத்தொகை சரியாக இருக்கும்; கணக்கு தப்பாக இருக்கும். ஆகவே இடைவெளியைவிட முனையின் வடிவத்தையும் சாய்வையும் பார்ப்பது முக்கியம்: வலது கிளைத் தடை, இடது முன்கிளைத் தடை. இவை இரண்டும் சேர்ந்து தோன்றினால் முழு மின்தடைக்கு அதிக தூரம் இல்லை. அந்தத் தூரம் ஆண்டுகளா, மாதங்களா என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

ஆம்பூரில் ஷூ கம்பெனியொன்றில் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது இருபத்து மூன்று. தையல் தெரியவேண்டுமென்று தாடையை உயர்த்தி, நெற்றியைச் சுருக்கி, இமைக்குக் கீழே கிடைக்கும் இடுக்கு வழியாக ஊசியைப் பார்க்கிறாள். சூப்பர்வைசர் தூக்கக் கலக்கம் என்கிறார். இரண்டு இமையும் ஒரே அளவில், மெல்ல மெல்லத் தாழ்ந்ததால் அவளுக்கே அது தெரியவில்லை. இரண்டு விழியும் சேர்ந்தே நின்றுபோனதால் இரட்டைப் பார்வையும் இல்லை. மயஸ்தீனியா என்ற நோயில் இமை காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கும். இவளுக்குக் காலையிலும் அதே, மாலையிலும் அதே. அனுபவமுள்ள நரம்பியல் மருத்துவர் இங்கே ஒரு காரியம் செய்வார்: பழைய போட்டோக்களைக் கொண்டுவரச் சொல்வார். பத்தாம் வகுப்பு ஹால்டிக்கெட், அக்காள் கல்யாண ஆல்பம், ஆதார் அட்டை. வரிசையாக அடுக்கினால் கருவிழியின்மேல் இமை இறங்கிவந்த வரலாறு கண்முன் நிற்கும். செலவில்லாத பரிசோதனை அது.

ரத்தப் பரிசோதனையோ சில வேளை ஏமாற்றும். வேகமாகப் புதுப்பிக்கப்படும் ரத்தச் செல்களில் கெட்ட பிரதிகள் காலப்போக்கில் கழிந்துபோகின்றன; வளர்ந்தவரின் ரத்தத்தில் துண்டு நீக்கம் தெரியாமலே இருக்கலாம். தசையிலிருந்து துணுக்கு எடுத்து, சாயமேற்றி, ஓரம் கிழிந்த செந்நிற இழைகளையும் டி.என்.ஏ.வையும் பார்க்கவேண்டும். ‘ஜீன் டெஸ்ட் நெகட்டிவ்’ என்ற தாளோடு வருபவரிடம் நாம் கேட்கவேண்டியது, எந்தத் திசுவில் எடுத்தது என்பதை.

4. வட்டாரம் தரும் இரண்டு விளக்கங்கள்

இப்படி ஒரு நோய் வீட்டுக்குள் வந்தால் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் எழும் விளக்கங்கள் இரண்டு. ஒன்று சொந்தத்துக்குள் கல்யாணம். மற்றது தோல் ஷாப்பு (தோல் பதனிடும் ஆலை) தண்ணீர். இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இரண்டுக்கும் ஓரளவு அடிப்படை உண்டு. ஆனால் இந்த நோய்க்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்று பார்க்கவேண்டும்.

சொந்தத் திருமணம் பற்றி இந்த வட்டாரத்திலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. சி.எம்.சி.யின் பி.எஸ்.எஸ். சுந்தர் ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பல்லாயிரம் தம்பதிகளை ஆராய்ந்து 1977-இலும் அதையடுத்தும் வெளியிட்டார்கள். அப்போது கிராமங்களில் ஏறத்தாழ பாதித் திருமணங்கள் நெருங்கிய உறவுக்குள் நடந்தவை. வேலூர் நகரில் பத்தில் மூன்று. குழந்தைப்பேற்றிலும் சிசு வளர்ச்சியிலும் எதிர்பார்த்த அளவு பாதிப்பு தென்படவில்லை என்பதும், பல தலைமுறையாக உறவுக்குள் மணந்துவந்த சமூகத்தில் தீய மரபணுக்கள் ஏற்கெனவே வடிந்திருக்கலாம் என்பதும் அவர்கள் வாதம். ஒட்டுமொத்தக் கணக்குக்கு அது பொருந்தலாம். அரிய நோய் ஒன்று குறிப்பிட்ட ஒரு குடும்பத்தில் வருவதைப் பற்றி அந்தச் சராசரி அதிகம் சொல்லாது.

மைட்டோகாண்ட்ரியாவை நடத்தும் புரதங்களில் 13 மட்டுமே அதன் சொந்த டி.என்.ஏ.விலிருந்து வருகின்றன. மீதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவை செல்லின் உட்கருவிலிருந்து வருபவை. உட்கரு மரபணு பழுதாகி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் அது வந்து சேரும்போது உண்டாகும் மைட்டோகாண்ட்ரியா நோய்கள் பல. அவற்றுக்குச் சொந்தத் திருமணம் வழிவகுக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் மின்தடைக்குப் பேர்போன கேர்ன்ஸ்-சேயர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அந்த ஒற்றைத் துண்டு நீக்கம் பெரும்பாலும் தாயின் கருமுட்டையிலோ கருவின் தொடக்கத்திலோ தற்செயலாக நேர்வது. 226 குடும்பங்களைத் தொகுத்துப் பார்த்த சின்னரி குழுவினரின் 2004 ஆய்வில், நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 24-இல் ஒன்று. நோயில்லாத தாய்க்கு அடுத்த குழந்தையும் பாதிக்கப்பட்ட நேர்வு அவர்களிடம் இல்லை. முறைமாப்பிள்ளையைக் கட்டியதால் வந்தது என்று மருமகள்மேல் பழிபோடும் மாமியாருக்கு இந்த எண்களை யாராவது சொல்லவேண்டும்.

தாய்வழியாக மட்டுமே வரும் மூன்றாவது வகை ஒன்று உண்டு. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் 3243-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறிய குடும்பங்கள் அவை. சர்க்கரை, காது மந்தம், இளவயது பக்கவாதம் போன்ற தாக்குதல், இதயத் தசை தடித்தல், கூடுதல் மின்பாதையால் வரும் படபடப்பு எல்லாம் இதில் வரும். இங்கே நம் உறவுமுறை ஒரு விநோதத்தைச் செய்கிறது. மாமன் மகளை மணந்தவருக்கும் அவர் மனைவிக்கும் மைட்டோகாண்ட்ரியா வேறு வேறு. அக்காள் மகளை மணந்தவருக்கும் அவர் மனைவிக்கும் அது ஒன்றே, ஏனெனில் இருவருக்கும் அது வந்தது ஒரே மூதாட்டியிடமிருந்து. அப்படிப்பட்ட வீட்டில் கணவன், மனைவி, குழந்தைகள் எல்லோருமே ஈ.சி.ஜி. எடுக்கவேண்டியவர்கள். குழந்தைகளுக்குக் கடத்துவது மட்டும் மனைவிதான். கணவனிடமிருந்து அது போகாது. மேற்கத்தியப் பாடநூல்களின் வம்சாவளிப் படங்களில் இந்த அமைப்பு அரிது. நம் ஊர் மருத்துவ மாணவர் அதைத் தானே வரைந்து பழகவேண்டும்.

தோல் ஷாப்புக்கு வருவோம். பாலாற்றுப் படுகை கெட்டது உண்மை. உச்ச நீதிமன்றமே அதைத் தீர்ப்பில் எழுதியிருக்கிறது. தோல் பதனிடும் வேலைக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் உண்டு. மயிர் உதிர்க்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலநீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தொட்டிக்குள் இறங்கியவரைச் சில மூச்சில் சாய்க்கும் வாயு அது. செல்லின் மூச்சை முடிக்கும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற மைட்டோகாண்ட்ரியா நொதியை அது பிடித்து நிறுத்துகிறது. கழிவுத் தொட்டியில் விழுந்தவரைத் தூக்கப்போனவரும் சேர்ந்து சாகும் செய்திகளின் உயிர்வேதியியல் இதுதான்.

ஆனால் இது நஞ்சூட்டம். மரபுக் கோளாறு அன்று. கேர்ன்ஸ்-சேயரில் துண்டு நீக்கம் தென்படும் திசுக்களிலெல்லாம் காணாமல் போயிருப்பது அதே துண்டு, அதே நீளம். பிறப்பதற்கு முன்பே, ஒரே ஒரு மூலப் பிரதியில் நேர்ந்த விபத்து என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை. பிறந்த பின் குடித்த தண்ணீரோ நின்ற தொட்டியோ இதைச் செய்திருந்தால் ஒவ்வொரு திசுவிலும் வெவ்வேறு நீளத்தில் சிதைவுகள் கிடந்திருக்கும். தோல் முதலாளிகளைக் காப்பாற்ற இதைச் சொல்லவில்லை. அவர்கள்மீது சுமத்தவேண்டியவை நிறைய இருக்கின்றன; செய்யாத ஒன்றைச் சேர்த்தால் செய்தவற்றின் எடை குறையும்.

5. முன்னெச்சரிக்கை என்ற கொள்கை

பழைய தொகுப்புகளின்படி கேர்ன்ஸ்-சேயர் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இதயப் பாதிப்பு உண்டு; ஐந்தில் ஒருவர் அளவுக்கு இதயக் காரணத்தால் இறந்திருக்கிறார்கள். இவை சிறிய தொகுப்புகள். மோசமான நேர்வுகளையே மருத்துவர்கள் அதிகம் எழுதியனுப்புவார்கள் என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும். பாரிஸின் கரீம் வாபி குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் திடமானது. மைட்டோகாண்ட்ரியா நோயுள்ள 260 வயதுவந்தோரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, பெரிய இதய விபத்துகளை முன்னறிவிப்பவை எவை என்று தேடினார்கள். நான்கு கிடைத்தன: கீழறை மின்பாதைத் தடை, சர்க்கரை நோய், கீழறையில் இடையிடையே எழும் அவசரத் துடிப்புகள், இடது கீழறைத் தடிப்பு. நான்கில் மிக வலுவானது மின்பாதைத் தடை.

வழிகாட்டுதல்கள் இதையொட்டியே நகர்ந்திருக்கின்றன. 2018-இன் அமெரிக்க வழிகாட்டுதல், கேர்ன்ஸ்-சேயர் நோயாளிக்கு மின்பாதைக் கோளாறு இருந்தால் நிரந்தர பேஸ்மேக்கர் நியாயமானது என்கிறது; தேவைப்பட்டால் அதிர்ச்சி கொடுத்து மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் வசதியோடு. 2021-இன் ஐரோப்பிய வழிகாட்டுதல் இன்னும் விளக்கமாகப் பேசுகிறது. பி.ஆர். நீட்சியோ, எந்தப் படியிலான மின்தடையோ, கிளைத் தடையோ தென்பட்டால் பேஸ்மேக்கரைப் பரிசீலிக்கவேண்டும். ஈ.சி.ஜி. சரியாகவே இருப்பவருக்கும் முன்தடுப்பாக வைக்கலாம் என்று ஒருபடி தாழ்ந்த குரலில் சேர்த்திருக்கிறது. இரண்டும் குறைவான தரவையும் வல்லுநர் கருத்தையும் நம்பி நிற்பவை. இத்தனை அரிய நோயில் ஒரு பாதிப் பேருக்குக் கருவி வைத்து, மறுபாதியை விழுகிறார்களா என்று காத்திருந்து பார்க்கும் சோதனையை யாரும் நடத்தப்போவதில்லை.

முழுச் சான்று வரும்வரை கைகட்டி நிற்கலாமா என்ற கேள்விக்கு இந்த வட்டாரம் ஏற்கெனவே ஒரு பதில் வாங்கிக் கொடுத்திருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தோல் ஆலைகளின் கழிவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்தியச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று அறிவித்தது. மீளமுடியாத கேடு வரும் அபாயம் இருந்தால், அறிவியல் உறுதி இல்லை என்பதைச் சாக்காக்கித் தடுப்பைத் தள்ளிப்போடக் கூடாது. தீங்கில்லை என்று நிறுவவேண்டியவர் செயலைச் செய்பவர். நாட்டின் சுற்றுச்சூழல் வழக்குகளிலெல்லாம் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக் கழிவிலிருந்து முளைத்தது.

அதை அப்படியே நெஞ்சுக்குள் கொண்டுவந்து வைக்க முடியாது. ஆற்றில் கழிவு விடாமலிருப்பதால் ஆற்றுக்குக் கேடில்லை. பேஸ்மேக்கர் வைப்பதால் உடலுக்குக் கேடு வரலாம். கருவி வைத்த தோலடிப் பையில் கிருமி தொற்றலாம், கம்பி முறியலாம், இருபது வயதில் வைத்தால் பேட்டரி தீரத் தீர, பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் கருவி மாற்றவேண்டும், ஒவ்வொரு மாற்றமும் தொற்றுக்குப் புதிய வாசல். ஆகவே ஈ.சி.ஜி. மாசில்லாமல் இருப்பவருக்கு வைப்பதில் நான் அவசரப்படமாட்டேன். கிளைத் தடை ஒன்று தோன்றிவிட்டாலோ கதை வேறு. அங்கே நிரூபிக்கும் சுமை இடம் மாறிவிடுகிறது. ‘இன்னும் மயக்கம் வரலையே’ என்று காத்திருப்பவர்தான் அந்தக் காத்திருப்புக்குக் காரணம் காட்டவேண்டும். இந்த நோயில் முதல் மயக்கமே கடைசி மயக்கமாகிவிடுவது உண்டு.

பேஸ்மேக்கரோடு கதை முடிவதுமில்லை. கருவி சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழறை வெறித்தனமாகத் துடித்து இறந்த கேர்ன்ஸ்-சேயர் நோயாளிகள் உண்டு. பேஸ்மேக்கர் தூங்கும் இதயத்தை எழுப்பும். வெறிகொண்ட இதயத்தை அடக்காது. அதற்கு டிஃபிப்ரிலேட்டர் வேண்டும். அது பெரிது, விலை அதிகம், தவறான வேளையில் அதிர்ச்சி கொடுத்தால் குதிரை உதைத்ததுபோல் இருக்கும் என்பார்கள். எல்லோருக்கும் அதை வைப்பதா என்ற விவாதம் தொடர்கிறது. பாராதைராய்டு சுரப்பி குறைவால் கால்சியமும், சிறுநீரகக் கசிவால் மெக்னீசியமும் இந்த நோயாளிகளிடம் இறங்கலாம். இரண்டுமே வெறித்துடிப்புக்கு வழிகோலும். விலையுயர்ந்த கருவியைப் பற்றி வாதிடும் முன் இந்த இரண்டு அளவையும் பார்த்திருக்கிறோமா என்பது என் கேள்வி.

6. கருவி வைத்த பிறகு

தமிழ்நாட்டில் பேஸ்மேக்கர் பொருத்துதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் சிகிச்சைகளில் ஒன்று. மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறும் கம்பெனித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. செலவே இல்லாத கருவி என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் காசுதான் முதல் தடை என்றும் சொல்லமுடியாது. அறுவைக்குமுன் கேட்டு வாங்கவேண்டியவை இரண்டு. மூளைக்கு அடிக்கடி எம்.ஆர்.ஐ. தேவைப்படும் நோய் இது, ஆகவே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்ற கருவியும் கம்பியும் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா நோயாளியை நெடுநேரம் வெறும் வயிற்றில் போடக் கூடாது. பட்டினி போடவேண்டிய நேரத்தில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கவேண்டும்.

வேலைக்குத் திரும்புவதில்தான் வீண் கொடுமை நடக்கிறது. ‘மிஷின் வச்சிருக்கு, மிஷின் பக்கம் போகாதே’ என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஷூ கம்பெனியில் எல்லாமே மிஷின்தான். தையல் மிஷினின் மோட்டார், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பவரின் பேஸ்மேக்கரை ஒன்றும் செய்துவிடாது. தவிர்க்கவேண்டியவை வேறு: ஆர்க் வெல்டிங், வலுவான காந்தம், செயற்கைத் தோலை உயர் அதிர்வெண்ணில் சூடாக்கி ஒட்டும் இயந்திரம். செல்போனை மேல்சட்டைப் பையில் போடாமல் 15 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் போதும். தையல் பிரிவிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் போவது சம்பளம் மட்டுமல்ல, இ.எஸ்.ஐ. அட்டையும் சேர்ந்து போகிறது. கருவியைக் காக்கச் சொன்ன அறிவுரை, அடுத்த பேட்டரிக்கு வழியில்லாமல் செய்துவிடும்.

தாமதத்தின் காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன். இமைக்காக ஒரு ஓ.பி. சீட்டு, காதுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, மயக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு சீட்டும் ஒவ்வொரு வரிசையில் நிற்கிறது. நான்கும் ஒரே மேசைக்கு வருவதில்லை. இமை அறுவைக்கு நாள் குறிக்கும் கண் மருத்துவர், சீட்டின் அடியில் ‘12 லீட் ஈ.சி.ஜி., ஆண்டுக்கு ஒருமுறை’ என்று ஒரு வரி எழுதினால் 1958-இன் அந்தக் கட்டுரைக்கு மரியாதை செய்தவராவார். அதை எழுதியவர்களில் முதல் பெயர் ஒரு கண் மருத்துவருடையது.

அந்த ஒரு வரி எழுதப்பட்டாலும், ஈ.சி.ஜி.யின் பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. இன்றைய முனையின் சாய்வு புதியதா, மூன்றாண்டுக்கு முன்பும் இருந்ததா என்பதைப் பொறுத்தே கருவி வைக்கும் முடிவு. ஈ.சி.ஜி. தாளோ வெப்பத்தில் கறுக்கும் தெர்மல் தாள். ஆம்பூர் வெயிலில், தகரக் கூரையின்கீழ், பீரோமேல் வைத்த பைலில் அது மெல்ல மங்கிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் சூட்டில் முழுத்தாளும் கறுத்துத் திரும்பி வரும். எடுத்த அன்றே எதிர்க்கடையில் ஒரு ஜெராக்ஸ் போட்டு, அதன்மேல் தேதியைப் பேனாவால் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு பார்ப்பவருக்கு ஒப்பிட ஒரு கோடாவது மிஞ்சும்.